அச்சுக்குப் போன ஊர்

வள்ளூரில் அப்போதெல்லாம் மழைக்காலத்தை முதலில் அறிவித்தது தண்டோராதான். பூண்டியில் மதகு திறந்தாச்சு, ஆத்தங்கரையில் இருக்கிறவங்க மேட்டுக்குப் போயிடுங்க என்று தப்படித்துச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஆடுகள் அவிழ்க்கப்படும், நெல் மூட்டைகள் பரண் ஏறும், ரேஷன் கார்டு பிளாஸ்டிக் உறைக்குள் போகும். பொதுப்பணித் துறைக் கணக்கில் எங்கள் ஊர் ஓர் அணைக்கட்டு. பூண்டியில் திறந்துவிட்ட தண்ணீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டைத் தாண்டி, எங்கள் அணைக்கட்டில் ஏறி வழிந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைப் பார்க்கும். கொசஸ்தலையாற்றின் கடைசி வீட்டுக்காரர்கள் நாங்கள். மேலே இருப்பவர்கள் எல்லாரும் குளித்து முடித்த தண்ணீர்தான் எங்களுக்கு வரும். ஆனாலும் வரும்.

நான் கவிதை எழுதத் தொடங்கியதும் அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். பழைய நோட்டுகளில் தேதி போட்டு வைத்திருந்தேன். பெரும்பாலானவை ஐப்பசி, கார்த்திகை. மார்கழிக்குக் கொஞ்சம்: பனிக்குள்ளிருந்து விளக்கு மட்டும் முதலில் வரும் கும்மிடிப்பூண்டி லோக்கல், அத்திப்பட்டு உப்பளத்தில் கூட்டமாக இறங்கும் கூழைக்கடா. தை பிறந்தால் உப்பளத்தில் பாத்தி கட்டுவார்கள். சித்திரையில் உப்பு வெள்ளை கண்ணைக் குத்தும். அந்த மாதங்களில் எழுதியவை எல்லாம் நாலு வரி, ஐந்து வரி. ஆடிக் காற்றில் எதுவும் எழுதவில்லை போலிருக்கிறது. காற்றில் தாள் நிற்காது என்பது ஒரு காரணம். அந்தச் சமயத்தில் திருவொற்றியூர் ஃபாக்டரியில் ஓவர்டைம் அதிகம் என்பது இன்னொரு காரணம். நான் அங்கே டைம் ஆபீஸில் குமாஸ்தா.

பருவத்துக்குப் பருவம் எழுதியவன் அப்போது ஒன்றை யோசிக்கவே இல்லை. இந்த வருஷம் வந்த கூழைக்கடா அடுத்த வருஷமும் வரும் என்கிற நிச்சயம் அந்தக் கவிதைகளுக்கு அடியில் இருந்தது. திரும்பி வரும் என்று தெரிந்தவனால்தான் நாலு வரியில் நிறுத்த முடியும். விட்டுப் போனதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

கழிமுகத்தில் இருளர் பெண்கள் கையாலேயே இறால் பிடிப்பார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. வற்றம் பார்த்து இறங்கி, குந்தியபடியே சேற்றுத் தரையை இரண்டு கையாலும் துழாவிக்கொண்டு போவார்கள். கழுத்துவரை தண்ணீர். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அகப்பட்ட இறாலைக் கையை வெளியே எடுத்த வேகத்தில் பறிக்குள் போடுவார்கள். வாயில் பறி இருப்பதால் பேச்சு கிடையாது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். கரையேறி வரும்போது விரல்களைப் பார்க்க வேண்டும். சுருங்கி, வெளுத்து, சிப்பி கிழித்த கோடுகளோடு இருக்கும். இதை ஒரு கவிதையாக எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது. அவர்களில் ஒருத்திக்கு வரப்பில் உட்கார்ந்து படித்தும் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எய்தினதெல்லாம் சரி நைனா, எறா இன்னா வெலைக்குப் போவுதுன்னு போட்டுக்கிறியா?" என்றாள்.

போடவில்லை. கவிதையில் அதற்கு இடமில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்வி பல வருஷம் எங்கேயோ கிடந்து, வேறொரு காலத்தில் எழுந்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த நாளில் எழுதுகிறவனுக்குத் தபாலாபீஸ்தான் கோயில். கணையாழி, தாமரை, செம்மலர் என்று முகவரிகளை மனப்பாடமாக வைத்திருந்தோம். கவிதையோடு சுயவிலாசமிட்ட, போதிய தபால்தலை ஒட்டிய உறை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போனது போனதுதான். நம் கையெழுத்தில் நம் முகவரி எழுதிய கவர் திரும்பி வந்தால் தபால்காரருக்கே விஷயம் தெரிந்துவிடும். "வந்துடுச்சு தம்பி" என்று மெதுவாகச் சொல்லிக் கொடுப்பார். கவர் வராமல் பத்திரிகை வந்தால் அவர் சைக்கிள் மணியை அடிக்கும் விதமே வேறு.

படிக்கப் புத்தகம் வேண்டுமென்றால் ரயிலேற வேண்டும். எங்கள் லோக்கல் வண்டிகள் போய் நிற்கிற இடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். 1985 மே 30 அன்று எரிந்துபோன மூர் மார்க்கெட் நின்ற மண் அது. பழைய புத்தகக் கடைகளைத் தேடி நாங்கள் சுற்றிய சந்துகளின் மேல்தான் பிளாட்பாரம் போட்டார்கள். மூட்டையில் வந்த எழுத்து இதழ் ஒன்றை அங்கேதான் எடை போடாத குறையாக வாங்கினேன். சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கி 119 இதழ்கள் நடத்தி 1970-ல் நிறுத்திய பத்திரிகை. புதுக்கவிதை என்று இன்று நாம் எழுதுவதற்கெல்லாம் முற்றம் அது. கடைக்காரருக்கு அது பழைய காகிதம். இன்றும் அந்தப் பிளாட்பாரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருக்கும்போது எந்தக் கடை எந்தத் தண்டவாளத்தின் கீழே போனது என்று மனசு கணக்குப் போடும்.

முதல் தொகுப்பு சொசைட்டி லோனில் வந்தது. கூட்டுறவுக் கடன் சங்க விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் "வீடு பழுது" என்று எழுதச் சொன்னார் தலைமை குமாஸ்தா. கவிதைக்குக் கடன் கொடுக்க விதி இல்லை. பணம் கைக்கு வந்ததும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதம் வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, ராயபுரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் இறக்கினோம். கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், கருமாதிக் கார்டு அடிக்கிற இடம். கம்பாசிட்டர் வயதானவர். ஈய எழுத்துக்கேஸ் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, என் கையெழுத்தை ஒரு கண்ணால் பார்த்தபடி எழுத்தை எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக்கில் கோப்பார். கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக நிற்கும் வரியை அவர் நேராகவே படிப்பார். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து வருஷங்கள் ஆகியிருந்தாலும் அவர் கேஸில் தும்பிக்கை வைத்த பழைய லை, னை கொஞ்சம் பாக்கி இருந்தன. புது எழுத்து தீர்ந்துபோனால் பழசைக் கலந்துவிடுவார். என் தொகுப்பில் ஒரே பக்கத்தில் இரண்டு காலத்து லையும் உண்டு.

அவர்தான் என் முதல் விமர்சகர். "தம்பி, எல்லாம் கால் பக்கம், அரைப் பக்கமா இருக்கே. இவ்ளோ வெள்ளையா உட்டா காகிதம் தண்டம் இல்லையா?" என்றார். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். அவரிடம் இருந்த எழுத்து ஒரு ஃபாரத்துக்குத்தான் போதும். அதனால் அதை ஓட்டி முடித்ததும் பிரித்து, எழுத்துகளைத் திரும்ப அந்தந்தக் கட்டத்தில் போட்டுவிட்டு அடுத்த ஃபாரம் கோக்க வேண்டும். காலையில் என் கவிதையாக இருந்த எழுத்து சாயங்காலம் காசிமேட்டில் யார் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையாகவோ மாறியிருக்கும். காலி புரூஃப் திருத்தும் சாக்கில் ஷிப்ட் முடித்து தினமும் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். மை, மண்ணெண்ணெய், ஈயம் மூன்றும் கலந்த அந்த வாசனையை இனி எந்த அச்சகத்திலும் எதிர்பார்க்க முடியாது.

எங்கள் பக்கத்தில் பாட்டு அச்சேறிய கதை ஒன்று பழசாக இருக்கிறது. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்த இராமலிங்கர் அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்து வந்து தியாகராசரையும் வடிவுடையம்மனையும் பாடிக்கொண்டிருந்தவர். அச்சில் போட அவருக்கு விருப்பம் இல்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்கிற அன்பர், அனுமதி வரும்வரை ஒருவேளைச் சாப்பாடுதான் என்று விரதம் பிடித்த பிறகே இசைந்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்து 1867-ல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. கவிஞரிடம் கெஞ்சிப் புத்தகம் போட்ட ஊரில், நான் என் புத்தகத்தை வாங்கச் சொல்லி மற்றவர்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஃபாக்டரி கேட் மீட்டிங், கலை இலக்கிய இரவு, மின்சார ரயில் என்று ஜோல்னாப் பையில் பத்துப் பத்தாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். செல்லப்பா தன் பதிப்புகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போன கதையைக் கேட்டிருந்ததால் தோள்வலி ஒரு பெருமையாகவே இருந்தது.

தை மாதம் வந்தால் புத்தகக் கண்காட்சி. 1977-ல் தொடங்கியது, எங்கள் காலத்தில் அண்ணா சாலை காயிதே மில்லத் கல்லூரி மைதானத்தில் நடந்தது. போகிப் புகையில் கண் எரிய ரயிலேறி, பொங்கல் லீவு முழுக்க அங்கே கிடப்போம். யாரோ ஒரு தெரிந்தவர் ஸ்டாலில், யாரோ ஒருவருடைய புத்தகங்களுக்குப் பின்னால், என் தொகுப்பு நாலு பிரதி நின்றிருக்கும். தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் எடுத்துப் புரட்டி, விலை பார்த்து, திரும்ப வைக்கும்போது எந்தப் பக்கத்தில் நின்றார் என்று போய்ப் பார்ப்பேன். அதற்கு மேல் அந்தத் தொகுப்பின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு மதிப்புரை, ஒரு பரிசு, பரணில் இரண்டு கட்டு.

பிறகு நீண்ட இடைவெளி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதிநூலை 1859-ல் வெளியிட்டார். பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல்தான் வந்தது. தமிழின் முதல் நாவலே ஒரு கவிஞர் இருபது வருஷம் கழித்து வெளியிட்டதுதான் என்று நண்பர்களிடம் சொல்லித் தேற்றிக்கொள்வேன். பாரதி தொடங்கிய சந்திரிகையின் கதை முடியாமலே நின்றது என்பதும் ஒரு ஆறுதல். உண்மையில் எனக்கு நாவல் எழுதும் எண்ணமே இல்லை. எழுத வைத்தது ஊர்.

மாற்றம் எனக்கு முன்பே தொடங்கிவிட்டது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷத்திலிருந்தே நகரத்துக்கு நீரெடுக்க மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கங்களில் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கியிருந்தன. இறைக்க இறைக்க, நல்ல தண்ணீர் விட்ட இடத்தில் கடல் உள்ளே வந்தது. ஆயா காலத்தில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு ஒரே கொதியில் வேகுமாம். என் கல்யாணத்தின்போது அதே தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. ஆனால் அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. கவிதைக்கு அது தெரியவில்லை. தொண்ணூறுகளில் வடசென்னை அனல் மின்நிலையம் வந்தது, 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தார்கள், அடுத்த பத்தாண்டில் எங்கள் ஊர்ப் பெயரையே வைத்து ஐந்நூறு மெகாவாட் அலகுகள் மூன்று எழுந்தன. வள்ளூர் என்றால் நாலு பேருக்குத் தெரிந்தது அப்போதுதான். எந்த வள்ளூர் என்று கேட்டவர்கள், ஓ, பவர் பிளான்ட் வள்ளூரா என்றார்கள்.

அந்த வருஷங்களில் உப்பளம் துண்டு துண்டாக மறைந்தது. ஒரு தையில் பாத்தி கட்ட வேண்டிய இடத்தில் லாரிகள் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. கூழைக்கடா வந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு பழவேற்காட்டுப் பக்கம் போனது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நிச்சயம் அன்றோடு போனது. நாலு வரியில் நிறுத்தினால் மிச்சத்தை எங்கே போய்த் தேடுவது? எழுத உட்கார்ந்தபோது வரிகள் நீண்டுகொண்டே போயின. யார் நிலம், எந்தப் பட்டா, எந்தத் தேதியில் அளந்தார்கள், மண் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதைக் கொட்டிய லாரிக்காரனுக்கு நடைக்கு என்ன கூலி என்று எல்லாமே வேண்டியிருந்தது. இறால் என்ன விலைக்குப் போனது என்பதும்தான். பறியைப் பல்லில் கடித்திருந்த அந்தப் பெண்ணின் கேள்விக்கு நாவலில் இடம் இருந்தது. விலை தெரியாமல் அவள் அன்றைக்குக் கரையேறியதையே எழுத முடியவில்லை.

அவளைத் தேடிப் போனேன். சேறு இருந்த இடத்தில் சாம்பல் படிந்து கால் வழுக்குகிறது, இறாலைக் காட்டிலும் கையில் கொப்புளம்தான் வருகிறது என்றாள். பழைய விலைகளை வருஷவாரியாகச் சொன்னாள். எங்கள் ஃபாக்டரி லெட்ஜர் தோற்றுவிடும். எந்தப் புயலுக்கு அப்புறம் விலை ஏறியது, எந்த யாவாரி எடையில் ஏமாற்றினான், சுனாமிக்குப் பிறகு எத்தனை மாதம் யாரும் மீன் தொடவில்லை எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. நாவலின் நடுப்பகுதி முழுக்க அவள் சொன்ன கணக்குதான்.

எழுதி முடித்த பிறகு நடந்தவை எல்லா எழுத்தாளருக்கும் நடப்பவை. கம்ப்யூட்டரில் டைப் செய்து மின்னஞ்சலில் அனுப்பினேன். அச்சகத்துப் பக்கமே போகவில்லை. பதிப்பாளர் அட்டைக்குப் புகைக்கூண்டு படம் போட்டார். நூலக ஆணை கிடைத்தால் மறுபதிப்பு, கிடைக்காவிட்டால் பார்ப்போம் என்றார். கண்காட்சி நந்தனத்துக்கு மாறியிருந்தது. முதல் தொகுப்புக்கு நடந்த அலைச்சலில் பாதிகூட இல்லை. அதனாலேயோ என்னவோ அந்த நாட்கள் மனசில் தங்கவில்லை.

தங்கியது வேறு. முதல் தொகுப்பைப் படித்தவர்கள் "உங்க ஊருக்கு வரணும் சார்" என்பார்கள். நாவலைப் படித்தவர்கள் ஆதாரம் கேட்டார்கள். அந்த நாட்களில் கழிமுகத்தின் வரைபடம் பற்றி ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. 1996-ன் கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த கழிமுகம் பின்னால் வந்த வரைபடத்தில் காணோம் என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் புகார் எழுப்பினார்கள். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதிய பொறம்போக்குப் பாட்டு எண்ணூரை ஊருக்கெல்லாம் காட்டியது. அப்போது ஓர் இளைஞர் என் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் எழுதியிருக்கும் இந்த ஓடை எங்கே பிரிந்தது, எந்தப் பனைமரத்துக்குக் கிழக்கே என்று கேட்டார். கதாபாத்திரம் அழுவதற்காக நான் நட்ட பனைமரம் அது என்று சொன்னேன். ஓடை நிஜம்தானே என்றார். நிஜம்தான். அழைத்துப் போய்க் காட்டினேன். அங்கே கன்டெய்னர் யார்டு இருந்தது.

மழைக்காலங்களும் மாறிவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளம், 2016-ல் வர்தா, அதற்கு அடுத்த மாதமே கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய், 2023-ல் மிக்ஜாம் புயலோடு மறுபடி எண்ணெய். இந்தத் தடவை எண்ணெய் வெள்ளத்தோடு சேர்ந்து ஆற்றின் வழியே வந்தது. ஐப்பசிக்கு ஆட்டையும் நெல்லையும் மேட்டுக்கு ஏற்றியவர்கள் இப்போது மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் ஏற்றுகிறார்கள். தண்டோரா செல்போனுக்குள் போய்விட்டது.

நான் படித்த பள்ளிக்கு ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைக் கவிதை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி புகைக்கூண்டின் உச்சியில் இரவெல்லாம் கண்சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பற்றி எழுதியிருந்தாள். டியூஷன் முடிந்து இருட்டில் வரும்போது அதைப் பார்த்துத்தான் வீடு எந்தப் பக்கம் என்று கண்டுகொள்வாளாம். நல்ல கவிதை. கோபமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. அவள் ஊரில் இருப்பதை அவள் எழுதியிருந்தாள். முன்னாள் மாணவர் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றதும் வாய்வரை வந்தது அந்தக் காலத்தில் இங்கே உப்பளம் இருந்தது என்கிற பேச்சு. நிறுத்திக்கொண்டேன். எனக்கு என் தண்ணீர் எப்படியோ அவளுக்கு அந்த விளக்கு அப்படி. அவள் பருவம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. எண்ணூரின் பழைய புகைக்கூண்டு 2017-ல் ஓய்ந்ததுபோல் இதுவும் ஒருநாள் ஓயும். அன்றைக்கு அவளுக்கும் வரி நீளும். அதற்குள் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான் என்று தோன்றியதால் அதை மட்டும் கேட்டுவிட்டு இறங்கினேன்:

"அந்த வெளக்கைப் பாத்துப் போற வீட்ல கரன்ட் பில்லு எவ்ளோம்மா வருது? அதையும் ஒரு ஓரமா எழுதி வை."